பருந்தா, பக்கத்து மரத்து வைரியா?

வாசகர் கேள்வி, அக்கா பதில்

போன இதழில் அடை வைப்பது பற்றி எழுதினாலும் எழுதினேன், இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலும் குஞ்சு பறிபோன கதைதான். அடை வைத்தாயிற்று, 21 நாள் காத்திருந்து குஞ்சும் பொரித்தாயிற்று, இப்போது அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம் என்கிறீர்கள். பெயர் போட வேண்டாம் என்று இரண்டு பேர் கேட்டுக்கொண்டதால் எல்லோருக்குமே ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, 11 முட்டை வைத்ததில் 9 குஞ்சு பொரித்தது. பத்தே நாளில் 4தான் மிச்சம். வீட்டுக்காரர் பருந்து என்கிறார். நான் ஒருமுறை கண்ணால் பார்த்தேன், புறா அளவுதான் இருந்தது. சில்வர் ஓக் மரத்திலிருந்து சரேலென்று வந்து ஒரு குஞ்சைக் காலில் இடுக்கிக்கொண்டு தேயிலைக்கு மேலேயே தாழப் பறந்து போய்விட்டது. இத்தனை சின்னப் பறவையா தூக்கும்? — கீழ்க்கோத்தகிரி வாசகி

பதில்: தூக்கும் தங்கச்சி. நீங்கள் பார்த்தது வைரி, வல்லூறு என்றும் சொல்வார்கள். முதுகு சாம்பல், நெஞ்சில் செங்கல் நிறத்தில் மெல்லிய குறுக்குவரி, கண் ஆரஞ்சு அல்லது சிவப்பு, மூக்கிலிருந்து வால்வரை அளந்தால் ஒரு அடியைச் சுற்றித்தான் இருக்கும். பருந்து என்றதும் நமக்கு மேலே வட்டமடிப்பதுதான் ஞாபகம் வரும், அதனால் எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம், இதுவோ பக்கத்துக் கிளையில் இலையோடு இலையாக அரைமணி நேரம் அசையாமல் உட்கார்ந்துவிட்டு, வேலி மறைவிலும் புதர் மறைவிலுமாகத் தரையை ஒட்டி வந்து வேலையை முடித்துவிடும். தாய்க்கோழி தலையைத் தூக்குவதற்குள் முடிந்துவிடுகிறது. தேயிலைக்கு நிழல் வேண்டுமென்று வரிசையாக சில்வர் ஓக் நட்டுவைத்திருக்கிறோமே, அவ்வளவும் அதற்கு உட்காரும் பலகை.

நல்ல செய்தியும் இருக்கிறது. எந்தப் பறவையும் தன் எடைக்கு மேல் தூக்கிக்கொண்டு வெகுதூரம் போகாது. வைரியின் எடையே 200 கிராமைச் சுற்றித்தான் இருக்கும். குஞ்சு ஐந்தாறு வாரத்தைத் தாண்டிவிட்டால் அதற்கு ஆசை இருந்தாலும் தெம்பு பத்தாது. நம் மலையில் வளர்ந்த பெட்டையையே அடிக்கக்கூடியது தலையில் நீளக் குடுமி வைத்த பெரிய கழுகுதான், அது சோலை ஓரத்து வீடுகளுக்கு வரும், எல்லார் வாசலுக்கும் வராது. ஆக நீங்கள் காவல் காக்க வேண்டியது வருஷம் முழுக்க அல்ல, ஒரு ஈட்டுக்கு இரண்டு மாதம். அந்த இரண்டு மாதமும் குஞ்சுக்கு மேலே ஒரு கூரை இருக்க வேண்டும், விஷயம் அவ்வளவுதான்.

முதல் இரண்டு வாரம் தாயையும் குஞ்சையும் சேர்த்துப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வையுங்கள். குஞ்சை மட்டும் உள்ளே போட்டுத் தாயை வெளியே விட்டால் அது சுற்றிச் சுற்றிக் கத்தி, இங்கே குஞ்சு இருக்கிறது என்று ஊருக்கே அறிவிப்புக் கொடுக்கும். மூங்கில் பஞ்சாரம் இப்போது கிடைப்பதில்லை என்று சொல்லாதீர்கள், இரும்புக் கம்பியில் பின்னியதும் கிடைக்கிறது, என்ன, கம்பி இடைவெளியில் குஞ்சு நழுவி வெளியே வந்துவிடும், கீழே ஒரு சாண் உயரத்துக்குக் கொசுவலைத் துணியைச் சுற்றிக் கட்டிக்கொள்ளுங்கள். இன்னொன்று, சமவெளியில் செய்வதுபோல விடிந்ததும் திறந்துவிடக் கூடாது. முதல் வாரக் குஞ்சுக்கு 35 டிகிரிச் சூடு வேண்டும், அப்புறம் வாரத்துக்கு மூன்று டிகிரியாகக் குறைத்துக்கொண்டு போகலாம். நம் ஊர்ப் பனியில் நனைந்த குஞ்சு வைரிக்காகக் காத்திருக்காது, தானே விறைத்துச் செத்துப்போகும். புல்லில் ஈரம் காய்ந்த பிறகுதான் வெளியே.

மூன்றாவது வாரத்திலிருந்து பத்துக்குப் பத்து அடியில் ஒரு வலைக்கூடம் போதும். நாலு மூலையில் குச்சி, மேலே பச்சை நிழல்வலை, நாலு பக்கமும் கம்பிவலை. இதைவிட எனக்குப் பிடித்தது கொடிப்பந்தல். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் சௌசௌ பந்தல் பார்த்திருக்கிறீர்களா, உள்ளே நின்றால் வானமே தெரியாது, அந்த மாதிரி ஒரு சின்னப் பந்தல் போட்டு அடியில் கோழியை விட்டால் கூரைக்குக் கூரை, காய்க்குக் காய், கோழி எச்சம் கொடிக்கு உரம். உறைபனி விழுகிற உயரத்தில் சௌசௌ கருகிவிடும், உங்கள் கீழ்க்கோத்தகிரிக்கு அந்தக் கவலை இல்லை. தாட்பூட் பழக் கொடியும் ஏற்றலாம், ஆனால் அடர்ந்து மூட ஒரு வருஷம் பிடிக்கும், அதுவரை வலைதான்.

வீட்டைச் சுற்றித் தேயிலை இருந்தால் அதுவே பாதிக் காவல். கவாத்து செய்த தேயிலை இடுப்பளவில் மேசை மாதிரி தட்டையாக நிற்கும், அடியில் கோழி ஓடலாம், மேலிருந்து எதுவும் பாய முடியாது. மருந்து அடிக்கிற நாளிலும் அதற்கடுத்த சில நாளிலும் மட்டும் கோழியை அந்தப் பக்கம் விடாதீர்கள். நிறையப் பேர் வாசலைப் பளிச்சென்று செதுக்கி வைத்திருக்கிறார்கள், பார்க்க அழகுதான், குஞ்சுக்கு ஓடி ஒளிய ஒரு செடிகூட இல்லை. ஒரு மூலையில் பழைய பலகையைச் சாய்த்து வைத்தாலும் போதும், தாய் ஒரு சத்தம் கொடுத்ததும் எல்லாம் அதற்கடியில் போய்விடும்.

மிச்சமிருக்கும் நான்குக்கும் வெள்ளைக்கழிச்சலுக்கான கண் சொட்டு மருந்து போட்டீர்களா? 7ஆம் நாள் போட வேண்டியது. பருந்து ஒன்று ஒன்றாகத்தான் தூக்கும், கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் கூடே காலி.

கேள்வி: செம்பருந்து வந்து குஞ்சைத் தூக்கினால் நல்ல சகுனம், கருடன் வீட்டுக்கு வந்ததாக அர்த்தம், விரட்டக் கூடாது என்கிறார் மாமியார். விரட்டலாமா? — பெருமாள்மலை வாசகி

பதில்: மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிடுங்கள், கும்பிட்ட கையாலேயே தட்டி விரட்டுங்கள், கருடன் கோபித்துக்கொள்ளாது. செம்பருந்து பெரும்பாலும் மீன், நண்டு, செத்தது, கழிவு என்று பொறுக்குகிற பறவை, நீர்நிலைப் பக்கம்தான் அதற்கு வேலை. கறிக்கடைக் குடலையும் மீன் கழுவிய கழிவையும் வாசலில் கொட்டினால் அது தேடி வரும், வந்த இடத்தில் குஞ்சைப் பார்த்தால் விடாது. கழிவைப் புதையுங்கள், பாதி வருகை நின்றுவிடும். கள்ளப்பருந்துக்கும் இதே பதில்தான்.

கேள்வி: ஒரு பெரிய கழுகு வாரத்துக்கு ஒரு கோழி என்று கணக்கு வைத்துக்கொண்டு வருகிறது அக்கா. செத்த கோழியில் மருந்தைத் தடவிக் கூரைமேல் போட்டால் தொல்லை தீரும் என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொல்கிறார். செய்யலாமா? — மசினகுடி வாசகர்

பதில்: செய்யவே கூடாது தம்பி, அந்த அண்ணனையும் செய்ய விடாதீர்கள். முதலில் சட்டம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்றால் துப்பாக்கி மட்டும் இல்லை, பிடிப்பது, கண்ணி வைப்பது, விஷம் வைப்பது, முட்டையை எடுப்பது, கூட்டைக் கலைப்பது எல்லாமே வேட்டைதான், சிறைக்குப் போக வேண்டிவரும். நீங்கள் இருப்பதோ முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டி.

சட்டத்தை விடுங்கள், ஊரை நினைத்துப் பாருங்கள். விஷம் வைத்த இறைச்சி உங்கள் கணக்கு வைத்திருக்கும் கழுகுக்கு மட்டும் போகாது. உங்கள் நாய் தின்னும், காக்கை தின்னும், அப்புறம் மோயாற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து பாறுக் கழுகு, அதாவது பிணந்தின்னிக் கழுகு இறங்கும். தென்னிந்தியாவில் பாறுக் கழுகுகள் அதிகமாகக் கூடு கட்டுகிற இடம் அதுதான், ஆற்றோரத்து நீர்மருது மரங்களில். மாட்டுக்குப் போட்டுவந்த டைக்ளோபீனாக் வலி ஊசியால், அந்த மாடு செத்தபின் அதைத் தின்று நாடு முழுக்கக் கூட்டம் கூட்டமாகச் செத்து, 2006இல் அந்த மருந்தைக் கால்நடைகளுக்குத் தடை செய்த பிறகும் இன்னும் தலைதூக்க முடியாமல் இருக்கிற பறவை. வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். ஒரு பிணத்தில் முப்பது நாற்பது சேர்ந்து உட்கார்ந்து தின்கிற வழக்கம் அதற்கு, ஒரே ஒரு விஷப் பிணம் எவ்வளவு பெரிய கணக்கைத் தீர்த்துவிடும் என்று யோசியுங்கள். இத்தனைக்கும் அது உங்கள் கோழியைத் தொட்டதே இல்லை, உயிருள்ளதைப் பற்றித் தூக்க அதன் காலில் பிடி கிடையாது.

சரி, உங்கள் கழுகுக்கு என்ன வழி? வாரம் ஒன்று என்று பழகிவிட்ட பறவைக்கு உங்கள் வீடு தெரிந்த கடை. கடையை மூன்று வாரம் அடையுங்கள். கோழிகளை முழுக்க அடைத்துப்போட்டுத் தீனி கொடுங்கள், செலவுதான், ஆனால் வந்து வந்து ஏமாந்தால் அது வேறு இடம் பார்த்துக்கொள்ளும். அதற்குள் அது வழக்கமாக வந்து உட்காரும் மொட்டைக்கிளை எது என்று பார்த்து, சொந்த மரமாக இருந்தால் அந்தக் கிளையை மட்டும் கழியுங்கள். கூடு இருந்தால் கை வைக்க வேண்டாம். வாசலுக்கு மேலே ஒரு அடிக்கு ஒன்றாகக் குறுக்கும் நெடுக்குமாகத் தென்னங்கயிறு இழுத்துக் கட்டுங்கள். பெரிய இறக்கைக்குப் பாய்ந்து இறங்கி மேலேற இடம் வேண்டும், கயிற்றுக்கு நடுவே அது துணியாது. வைரிக்கு இந்தக் கயிறு செல்லாது, அது புகுந்துவிடும்.

கேள்வி: காலையில் கூண்டைத் திறந்தால் ஒரு பெட்டையின் தலை மட்டும் இல்லை, உடம்பு அப்படியே கிடக்கிறது. கூண்டு பூட்டியபடியே இருக்கிறது. ஆந்தை என்கிறார்கள். பூட்டிய கூண்டுக்குள் ஆந்தை எப்படி? — கூடலூர் வாசகி

பதில்: உங்கள் சந்தேகம் சரி. ஆந்தை தலையைத் தின்றுவிட்டு உடம்பை விடுவது உண்டு, ஆனால் திறந்த இடத்தில், மரத்தில் அடைகிற கோழியிடம். பூட்டிய கூண்டு என்றால் அது மரநாய், காட்டுப்பூனை வகையறா. கோழி வலையை ஒட்டித் தூங்கும், வெளியிலிருந்து வலைக்கண் வழியாகக் காலை விட்டுத் தலையைப் பற்றி இழுக்கும், உடம்பு வராது, வந்தவரை லாபம் என்று போய்விடும். அறுகோண வலை கோழி வெளியே போகாமல் இருக்கத்தான், எதிரி உள்ளே வராமல் இருக்க இல்லை. கீழே இரண்டடிக்கு அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் அடியுங்கள், கோழி அடைகிற குச்சியைக் கூண்டின் நடுவுக்கு நகர்த்துங்கள். அடியில் தோண்டி வராமல் அதே மெஷ்ஷை வெளிப்பக்கமாக ஒரு அடி தரையில் விரித்துக் கல் வைத்துவிடுங்கள்.

இதைப் பொதுவாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எது போனாலும் பழி பருந்தின் தலையில்தான் விழுகிறது. பகலில் ஒரே இடத்தில் வட்டமாக இறகு பிய்த்துக் கிடந்து, நெஞ்சுக்கறி மட்டும் போயிருந்தால் பருந்து, வைரி, கழுகு. இறகு வேரோடு வராமல் நடுவில் கடித்து முறிந்து எச்சில் ஒட்டியிருந்தால் நாலுகால் பிராணி. ஒரே நேரத்தில் நாலைந்தைக் கொன்று தின்னாமல் போட்டிருந்தால் தெரு நாய், இல்லாவிட்டால் கீரி. குஞ்சு சுவடே இல்லாமல் காணாமல் போனால்தான் சிக்கல், அண்டங்காக்கை, செம்போத்து, சாரைப்பாம்பு, கீரி எல்லோருமே சந்தேகப் பட்டியலில் வருவார்கள். என் வீட்டில் ஒரு மழைக்காலம் முழுக்க வைரியைத் திட்டிக்கொண்டிருந்தேன், கடைசியில் விறகு அடுக்கைப் பிரித்தபோது வயிறு புடைத்த சாரை ஒன்று சாவகாசமாக வெளியே போனது.

கேள்வி: பூண்டுக் காட்டுக்கு மேலே வெள்ளையாக ஒரு பறவை அந்தரத்தில் இறக்கை அடித்தபடியே ஒரே இடத்தில் நிற்கிறது. அதற்குப் பயந்து கோழியைத் திறப்பதில்லை. பழைய சிடி கட்டித் தொங்கவிட்டால் போகுமா? குஞ்சுக்குச் சாயம் பூசினால் பருந்து எடுக்காது என்பது நிஜமா? — பூம்பாறை வாசகர்

பதில்: தோளில் கறுப்பு, கண் சிவப்பு என்றால் அது கருந்தோள் பருந்து. அது குறிபார்ப்பது உங்கள் பூண்டுக் காட்டு எலியை. அந்தரத்தில் நிற்பதே கீழே புல்லுக்குள் எலி அசைகிறதா என்று பார்க்கத்தான். விரட்டாதீர்கள், சம்பளம் வாங்காத வேலைக்காரன். கூவிக்கொண்டே உயரத்தில் சுற்றுகிற, இறக்கைக்கு அடியில் அகலமாக வெள்ளைப்பட்டை உள்ள பாம்புக் கழுகுக்கும் முக்கியச் சாப்பாடு பாம்புதான்.

சிடி ஒரு வாரம் வேலை செய்யும், காற்றும் வெயிலும் இருந்தால் பத்து நாள். உங்கள் ஊரில் பாதி நாள் மூடுபனி, மின்னாத சிடியைப் பார்த்து யார் பயப்படுவார்கள்? கட்டுவதானால் இரண்டு நாளைக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். பொம்மையும் அப்படியே, சட்டையை மாற்றி வேறு மூலையில் நிறுத்தினால்தான் மனுஷன் என்று நம்பும், அசையாமல் ஒரே இடத்தில் நின்றால் அதன் தலையிலேயே வந்து உட்காரும். சாயம் வேண்டாம். பச்சையும் ரோஸும் பூசின குஞ்சு புல்லில் இன்னும் எடுப்பாகத்தான் தெரியும் என்பது என் கட்சி. நிறத்தில் அக்கறை இருந்தால் வெள்ளைக் கோழியைக் குறைத்து, காய்ந்த சருகு நிறத்தில் இருக்கிற நாட்டுக்கோழியாகப் பார்த்து வளருங்கள்.

கேள்வி: காவலுக்குக் கின்னிக்கோழி வாங்கலாமா, நாய் வளர்க்கலாமா? — குன்னூர் வாசகி

பதில்: கின்னிக்கோழி நன்றாகக் கத்தும், மறுக்கவில்லை. ஆனால் பருந்துக்கும் கத்தும், தபால்காரருக்கும் கத்தும், காற்றில் ஆடுகிற லுங்கிக்கும் கத்தும். லைன் வீட்டில் இருந்தால் பக்கத்து வீட்டோடு பேச்சுவார்த்தை நின்றுவிடும். நாய் பகலில் வாசலில் படுத்திருந்தாலே பெரிய பாதுகாப்பு, ராத்திரி மட்டும் வெளியே கட்டாதீர்கள், சிறுத்தை நடமாடும் ஊர்.

என்னைக் கேட்டால் நல்ல சேவல் ஒன்று போதும். கவனித்துப் பாருங்கள், கோழிக்கு இரண்டு விதமான அபாயச் சத்தம் உண்டு. நாய், கீரி மாதிரித் தரையில் வருவதற்குக் கொக் கொக் கொக் என்று விடாமல் கத்தும், கழுத்தை நிமிர்த்திச் சுற்றிப் பார்க்கும். மேலே பறப்பதற்கு அப்படி இல்லை, தலையை ஒருபக்கம் சாய்த்து ஒற்றைக் கண்ணால் வானத்தைப் பார்த்துவிட்டு மெலிசாக இழுத்து ஒரு சத்தம், அவ்வளவுதான், அத்தனையும் புதருக்குள் பாயும், இல்லையென்றால் அப்படியே உறைந்து உட்காரும். இந்த இரண்டாவது சத்தத்தை உங்கள் காதும் பழகிக்கொண்டால் அடுப்படியில் இருந்தபடியே கதவைத் திறந்து கைதட்டிவிடலாம். எல்லாச் சேவலும் இதில் கெட்டி இல்லை, சிலது முதலில் தான் ஓடிவிடும். அதைக் குழம்புக்கு வைத்துக்கொண்டு அடுத்ததைப் பாருங்கள்.

பர்லியார் பக்கம் கீழே இருப்பவர்களுக்கு இன்னொரு காவல்காரனும் உண்டு, கரிச்சான். பக்கத்தில் கூடு கட்டியிருக்கும் காலத்தில் பருந்தின் முதுகிலேயே ஏறிக் கொத்தி விரட்டும். உயர உயரப் பறந்தாலும் ஊர்க்குருவி பருந்தாகாதுதான், ஆகவும் வேண்டாம், விரட்டினால் போதும். கரிச்சான் கூடு வைத்த மரத்தை வெட்டிவிடாதீர்கள்.

கேள்வி: உங்கள் பேச்சைக் கேட்டு மீன்வலை வாங்கிக் கூடத்துக்கு மேலே போட்டேன். குஞ்சு ஒன்றுகூடப் போகவில்லை, ஆனால் நேற்று ஒரு கொண்டைக்குருவி வலையில் மாட்டிச் செத்துக் கிடந்தது. மனசு கேட்கவில்லை அக்கா. — மஞ்சூர் வாசகி

பதில்: இது என் தப்புத்தான், முன்பு எழுதியபோது எந்த வலை என்று சொல்லாமல் விட்டேன். எனக்கும் நடந்திருக்கிறது, என் வலையில் ஒரு பாம்பு சிக்கி அறுத்துவிட இரண்டு மணி நேரம் ஆயிற்று, அதுவும் வனத்துறை ஆள் வந்த பிறகு.

மெல்லிய நைலான் நரம்பு வலை கண்ணுக்குத் தெரியாது, தொளதொளவென்று கிடந்தால் காலோ கழுத்தோ சுற்றிக்கொள்ளும். அதைக் கழற்றிவிடுங்கள். தடித்த இழையில் பின்னிய, கறுப்போ பச்சையோ நிறம் போட்ட வலை, இல்லையென்றால் நிழல்வலை. எதுவானாலும் கட்டில் கயிறு மாதிரி விறைப்பாக இழுத்துக் கட்ட வேண்டும், கையால் தட்டினால் துள்ள வேண்டும். ஓரம் தரையில் புரளக் கூடாது, பாம்பு மாட்டுவது அங்கேதான், தரையிலிருந்து ஒரு முழத்துக்குக் கம்பிவலை அடித்து அதற்கு மேல் வலையை நிறுத்துங்கள். மஞ்சூரில் மழையும் இலையும் சேர்ந்து வலையைத் தொய்ய வைக்கும், வாரம் ஒருமுறை இலையை உதறிவிட்டு மறுபடி இழுத்துக் கட்டுங்கள். காட்டெருமை வருகிற பாதையாக இருந்தால் மூலைக்கயிறு வெள்ளையாக இருக்கட்டும், இருட்டில் கொம்பில் மாட்டிக்கொண்டு கூடத்தோடு நடந்துவிடும்.

குஞ்சு எட்டு வாரம் ஆனதும் வலையைச் சுருட்டி உள்ளே வையுங்கள். எலி கடிக்காத இடமாகப் பாருங்கள், என்னுடையது போன வருஷம் அப்படித்தான் போயிற்று.